கட்டை யார் தோளுக்கு

ஜூன் 11, ஞாயிறு

சுடும் பயிற்சிக்குப் போய் வந்தேன். வலது தோளைத் தூக்க முடியவில்லை. சட்டையைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. எஸ்கில் பார்த்துவிடக் கூடாதே என்று குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் தாழிட்டதே கிடையாது.

துப்பாக்கியைக் குறை சொல்ல மாட்டேன். அதன் பின்கட்டைதான் சனியன். தோளில் முட்டுக்கொடுக்கிற அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. எஸ்கில் மாதிரி நெட்டைக் கொக்குகளுக்குச் சரியான நீளம். நான் அவன் நெஞ்சு உயரம்தான். தோள்குழியில் பதிய வேண்டியது என் புஜத்துச் சதையில் போய் உட்காருகிறது. விசையை எட்டுவதற்குள் கழுத்து வலிக்கிறது. சுட்டால் கழுதை உதைத்த மாதிரி இருக்கிறது.

"மாரித், நீ துப்பாக்கி புடிக்கிறியா, ஏணி தூக்கிட்டுப் போறியா?" என்றார் ரூனே. எங்கள் ஊர் வேட்டைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிப்ரவரியில் எஸ்கிலுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது. வலது கை மட்டும் இன்னும் அவன் சொன்னபடி கேட்கவில்லை. செப்டம்பரில் மூஸ் மான் வேட்டை. பெரிய சதுப்பின் ஓரத்தில் எங்கள் வீட்டுக்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே ஆள் உட்காராவிட்டால் ரூனே அதை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அவர் கெட்டவர் இல்லை, வழக்கம் அப்படி. பக்கத்து நிலத்தை வாங்கிய ஸ்டாக்ஹோம்காரர் ஏற்கெனவே இரண்டு தரம் கேட்டுவிட்டாராம். அதனால் எஸ்கில் வருகிற வரைக்கும் நான் போய்த் துண்டு போட்டு வைக்கிறேன். அவனிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

வருவானா?

ஜூன் 12

தோள் கத்தரிக்காய் நிறம்.

ஜூன் 20

ஓஸ்தர்சுந்து நகரத்துக்குப் போய், துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ஹெல்மரிடம் எங்கள் துப்பாக்கியைக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். கட்டை கோட்டில் சிக்கிக்கொண்டது. தலையை ஆட்டினார்.

"நாலு விரல் நீளம் அதிகம். இதை வெட்டிடலாம். பிளாஸ்டிக்தானே, கால் மணி நேர வேலை."

"வெட்டினப்புறம் எஸ்கில் இதுல சுட முடியுமா?"

"முடியாது. மூக்குல கட்டைவிரல் இடிக்கும்."

"திரும்ப ஒட்ட முடியாதா?"

என் பேரில் புதுத் துப்பாக்கி வாங்கலாமே என்றார். உரிமம் வருவதற்குள் வேட்டை முடிந்துவிடும். அதோடு, புதுத் துப்பாக்கி வீட்டுக்குள் வந்தால் மட்டும், இனி நீ சுடப் போவதில்லை என்பதைத் தவிர எஸ்கிலுக்கு வேறு அர்த்தமா தெரியும்?

பிறகு உள்ளே போய் ஒரு மரக்கட்டையை எடுத்து வந்தார். ஒரு பொத்தானை அமுக்கினால் பின்பகுதி உள்ளே போகிறது, வெளியே வருகிறது. நெட்டைக்கும் குட்டைக்கும் ஒரே கட்டை. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்மர் விலையை நினைத்து அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். என்ன யோசிக்கப் போகிறேன்?

ஜூன் 23, நடுக்கோடை விருந்து

ரூனேயைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். புது உருளைக்கிழங்கு, ஊறுகாய் மீன், ஸ்ட்ராபெரி கேக். எஸ்கில் இடது கையால் கோப்பையைத் தூக்கினான். "செப்டம்பர்ல என் இடத்துல நானே உக்காருவேன். இவ சும்மா பயிற்சிக்குப் போறா, பொழுது போகணும்ல."

ரூனே தட்டில் இருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் என்ன பதில் சொல்லும்?

எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. பொழுது போகவா போகிறேன்? இந்தத் தோளோடு?

ஜூலை 9

வெட்டலாம். வெட்டக் கூடாது. வெட்டினால், நீ இனிமேல் அவ்வளவுதான் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. வெட்டாவிட்டால் நான் மூஸைக் காயப்படுத்தி ஓடவிடுவேன், அதைவிடப் பாவம் வேறில்லை. பாத்திரம் கழுவும்போதும் இதே நினைப்பு, களை பிடுங்கும்போதும் இதே நினைப்பு. இன்று களை என்று வெங்காயத்தைப் பிடுங்கிவிட்டேன்.

எஸ்கிலின் கைக்குப் பயிற்சி சொல்லித்தருகிற பெண்ணைத் தனியாகக் கேட்டேன். கை எப்போது சரியாகும்? "பாக்கலாம்" என்றாள். வானிலை கேட்டால்கூட இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

ஜூலை 18

பொத்தான் வைத்த கட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பழைய பிளாஸ்டிக் கட்டை துணியில் சுற்றிக் கொட்டகையில் கிடக்கிறது.

"கம்பெனி கட்டைக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றான் எஸ்கில்.

"குளிர்ல வளைஞ்சு குழல்ல ஒட்டுதாம். ஹெல்மர் சொன்னார். உனக்குத்தான் நல்லது."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. அவன் மரத்தைத் தடவிப் பார்த்தான். அழகா இருக்கு என்றான். தோளுக்குக் கொண்டுபோகப் பார்த்தான். வலது கை பாதியில் நின்றுவிட்டது. மேசைமேல் வைத்துவிட்டு, "செப்டம்பர்ல பாத்துக்கலாம்" என்றான்.

ஆகஸ்ட் 3

பயிற்சியிலிருந்து வந்து துப்பாக்கியை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன், என் அளவிலேயே. நான் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வருவதற்குள் எஸ்கில் அதை எடுத்துப் பார்த்திருக்கிறான். ராத்திரி சாப்பிடவில்லை. பசிக்கலையாம்.

இனிமேல் அலமாரியில் வைப்பதற்கு முன்னால் அவன் அளவுக்கு இழுத்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 5

இழுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 19, சனி

தண்டவாளத்தில் ஓடுகிற மூஸ் படத்தைச் சுடும் தேர்வு. எல்லாம் நெஞ்சில் பட்டது! கட்டை தோளில் உட்கார்ந்தபிறகு துப்பாக்கியே வேறு துப்பாக்கி. ரூனே முதுகில் தட்டினார், கேலி எதுவும் செய்யவில்லை. வண்டியில் வரும்போது எனக்குப் பாட்டு வந்தது. சந்தோஷமாக இருந்தேன். எஸ்கில் இல்லாத இடத்தில், எஸ்கிலின் துப்பாக்கியோடு, அவ்வளவு சந்தோஷம். வாசலுக்கு வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டேன்.

"எப்படிப் போச்சு?"

"பரவால்ல" என்றேன்.

பொத்தானை அமுக்கி, இழுத்து, அலமாரியைப் பூட்டினேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

நாளைக்கு வேட்டை. ஆரஞ்சுத் தொப்பி, வாக்கி டாக்கி, கத்தி. பையில் வைத்ததை எடுத்து மறுபடி வைக்கிறேன். எஸ்கில் தன் பூட்ஸுக்கும் எண்ணெய் போட்டு வாசலில் வைத்திருக்கிறான். "இந்த வாரம் வேணாம், அடுத்த வாரம் பாக்கலாம்" என்கிறான், நான் கேட்காமலேயே. அடுத்த வாரம் என்றதும் நானும் தலையை ஆட்டினேன். என்ன ஜென்மம் நான்.

செப்டம்பர் 4, திங்கள்

போச்சு.

காலையில் நான் அலமாரிக்குப் போவதற்குள் எஸ்கில் துப்பாக்கியை இடது கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். "இந்தா குள்ளி, நல்லபடியா போயிட்டு வா." அவன் எதிரில் எப்படிப் பொத்தானை அமுக்குவேன்? இடத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிக்கொண்டேன். அங்கே போனதும் ரூனே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சரிபார்த்தார், பிறகு நாயை அவிழ்த்துவிட்டார்கள், அது உடனே குரைக்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு மறந்தே போய்விட்டது. சத்தியமாக மறந்துவிட்டேன்.

பெரிய ஆண் மூஸ். சதுப்பின் நடுவே, அவசரமே இல்லாமல், பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நடந்து வந்தது. துப்பாக்கியைத் தூக்கினேன். கட்டை கோட்டில் மாட்டியது. இழுத்தேன், அக்குளில் மாட்டியது. அய்யோ, அவன் அளவு! பொத்தானைத் தேடுகிறேன், கையுறை வேறு, விரல் வழுக்குகிறது. மூஸ் நின்று என்னைப் பார்த்தது. பிறகு போயிற்று.

ரூனே வாக்கி டாக்கியில், "மாரித், உன் பக்கம்தானே வந்துச்சு? ஏன் சுடல?"

"மரம் மறைச்சிருச்சு."

மதியம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். ஸ்டாக்ஹோம்காரர் எனக்கு முதலில் காபி ஊற்றினார். இரக்கப்பட்டு ஊற்றிய காபி, கசந்தது.

வீட்டில் எஸ்கிலிடமும் அதையே சொன்னேன். மரம் மறைத்துவிட்டது என்று.

"அந்தச் சதுப்புல மரமே கிடையாதே, மாரித்."

எனக்குப் பொறுக்கவில்லை. கத்திவிட்டேன். உன் கட்டைதான்டா மறைச்சுது, தினம் தினம் உன் அளவுக்கு இழுத்து வெச்சேனே, எதுக்கு, நீ ஒரு வேளை சோறு சாப்பிடணும்னுதானே! எல்லாம் சொல்லிவிட்டேன். அவன் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டான். நான் பின்னால் போகவில்லை. போயிருக்க வேண்டும். போக பயம்.

செப்டம்பர் 5, செவ்வாய்

காலையில் அலமாரியைத் திறந்தேன். கட்டை உள்ளே போயிருந்தது. தோளுக்குக் கொண்டுவந்தேன். என் அளவு. பொத்தானை அமுக்கினேன், அசையவில்லை. சுற்றிலும் பசை ஊற்றி இறுக்கியிருக்கிறான். இடது கை வேலை, ஓரமெல்லாம் வழிந்து காய்ந்திருக்கிறது.

அடுக்களையில் பூட்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?" என்றேன்.

"ஒரு நாளாவது என் அளவுக்குச் சரியா இழுத்து வெச்சியா நீ? ஒரு நாள் நீளம், ஒரு நாள் குட்டை. ஆகஸ்ட் முழுக்கப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ இழுத்து வெக்கிற வரைக்கும் நானும் இருக்கேன்னு தோணுச்சு." பிறகு, "நேத்து அது எவ்ளோ பெருசு?"

கையை விரித்துக் காட்டினேன். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மூஸுக்காகவா கைக்காகவா என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். பிறகு நேரமாயிற்று என்று அவனே எழுந்தான்.

இன்று மடக்கு நாற்காலியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். நான் மூச்சு விடுகிற சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கிறதாம். மூஸ் எதுவும் வரவில்லை.

செப்டம்பர் 9, சனி

முற்பகலில் ஒரு மூஸ் கன்று வந்தது. துப்பாக்கி தானாகவே தோளில் வந்து உட்கார்ந்தது. ஒரே குண்டு. கன்று நாலடி நடந்து விழுந்தது. எஸ்கில் பின்னாலிருந்து, "அப்படியே இரு, இன்னும் கொஞ்சம் பாரு" என்றான். பார்த்தேன். எழவில்லை.

மாலையில் தோலுரித்துத் தொங்கவிட்டபின், அடுத்த வருஷத்துக்கான இடங்களை ரூனே வழக்கம்போல ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் முறை வந்தபோது குரலைத் தாழ்த்தி, "எஸ்கில், சதுப்புக்கு உன் பேரையே போடட்டுமா?" என்றார்.

"சுடுறவ பேரைப் போடு" என்றான் எஸ்கில். "நான் காபி ஊத்த வர்றேன்."

ரூனே என் பேரைச் சொன்னார். ஸ்டாக்ஹோம்காரர்தான் முதலில் வந்து கை கொடுத்தார். எஸ்கில் காபிக் குடுவையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். திறந்துகொடுக்கப் போனேன். விடவில்லை. முதல் கோப்பை எனக்கு ஊற்றினான், பாதி கீழே சிந்தியது, சூடாகத்தான் இருந்தது.