கேட்டுச் சாப்பிடாத பிள்ளை

அஜின்கோர்ட், ஸ்காபரோ
புதன்கிழமை

அன்பு மகன் டிலக்சனுக்கு,

மாமாங்கேஸ்வரர் அருளால் நானும் அப்பாவும் தங்கச்சியும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆனால் உன் சுகம் எப்படி என்பது உன்னைக் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டதால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். உறையின் மேல் உன் புதுப் பெயரை எழுதியது தங்கச்சி மிதுஷா, எனக்கு அது வாயில் நுழையாது, உள்ளே நீ டிலக்சன்தான். மழைக்காலத் தவம் முடியும்வரை நீங்கள் போனில் பேசமாட்டீர்களாம், அதனால்தான் பேனையை எடுத்தேன். கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

போன சனிக்கிழமை தமிழ்க்கடையில் நின்று கீரை தெரிந்தெடுத்துக்கொண்டிருக்கும்போது அன்ரனெற் ஒரு படம் அனுப்பினாள். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்களோடு ஒரே மாடியில் இருந்து உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள், இன்று வன்கூவர்ப் பக்கம் போயிருந்தும் ஞாயிறு தவறாமல் மலை ஏறி உங்கள் புத்த மடத்துக்குச் சாப்பாடு கொண்டு வருகிறாள், அவள் பொய்ப்படம் அனுப்பமாட்டாள். படத்தில் காவி உடுத்த நாலு பேர் நின்றார்கள். மெலிந்தவர்களில் உன்னைத் தேடினேன், நீ இல்லை. நடுவில் ஒருவர் கன்னமும் வயிறுமாக நின்றார், காதைப் பார்த்துத்தான் அது நான் பெற்ற பிள்ளை என்று கண்டுபிடித்தேன். பக்கத்தில் நின்ற சென்னைக்கார லலிதா எட்டிப் பார்த்துவிட்டு, உங்க பையன் பட்டினி கிடக்கிறார்னு சொன்னீங்களே ஆன்ட்டி, நல்லா இருக்காரே என்றாள். எனக்கு எங்கே முகத்தை வைப்பது? நீ மடத்துக்குப் போன இந்த ஆறு வருடமும், என் பிள்ளை ஒருநாளைக்கு ஒருவேளைதான் சாப்பிடுகிறான், மதியம் திரும்பினால் ஒரு பருக்கையும் இல்லை என்று கோயிலிலும் கடையிலும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொல்லித் திரிந்தவள் நான். இராச்சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் உன்னை நினைத்துப் பாதியை மூடி வைத்தேன். நான் மெலிந்தேன், நீ ஊதினாய்.

அந்த ஒருவேளை எப்படிப்பட்ட வேளை என்பதை அன்ரனெற் அன்று இரவுதான் விபரமாகச் சொன்னாள். தாய்லாந்துப் பெண்கள் தேங்காய்ப்பாலில் அவித்த சோறும் மாம்பழமும் கொண்டு வருவார்களாம். வெள்ளைக்காரர் சீஸ் உருக்கி ஊற்றிய ஏதோ ஒரு தட்டும் கேக்கும் கொண்டு வருவார்களாம். பேர்னபியில் இருந்து வரும் ஒரு சிங்களப் பெண் பாற்சோறும் கட்டச்சம்பலும் கொண்டு வருவாளாம், நல்ல பிள்ளையாம், படியில் அன்ரனெற்றின் சட்டியையும் தானே தூக்கிக்கொண்டு ஏறுவாளாம். சிங்களப் பிக்குமாரின் காவியைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திய காலத்தில் மட்டக்களப்பில் இருந்தவள் நான், என் மகனே காவி உடுத்தபோது நான் விழுங்கியதை யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். இவ்வளவுக்கும் மேலே அன்ரனெற்றின் நெய்ச்சோறு, ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த கத்தரிக்காய், கருப்பட்டியும் முட்டையும் போட்ட வட்டிலப்பம். இது நான் இங்கிருந்து சொல்லிச் சொல்லிச் சமைப்பித்தது, ஒருவேளை சாப்பிடுகிற பிள்ளைக்கு ஒழுங்காகக் கொடுக்காமல் வேறென்ன கொடுப்பது, இதில் என்னில் பிழை பிடிக்க யாரும் வரவேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் குழைத்துச் சாப்பிடுகிறீர்களாம். பின்னேரத்தில் சோறு கூடாது, பாண் கூடாது, ஆனால் சீனி போட்ட தேத்தண்ணீர் கூடுமாம், தேன் கூடுமாம், சீஸ் கூடுமாம், கறுப்புச் சொக்லேற்றும் கூடுமாம், அவையெல்லாம் மருந்துக் கணக்காம். அப்பா இதைக் கேட்டுவிட்டு, தனக்கும் அந்த மருந்தை எழுதித் தரச் சொல்லிக் குடும்ப டொக்டரைக் கேட்கப் போகிறாராம்.

அவசரம் என்றால் மட்டும் எடுங்கோ என்று நீ தந்த மடத்து நம்பருக்குத் திங்கட்கிழமை காலை எடுத்துவிட்டேன். அவசரமா இல்லையா என்பதை நான் தீர்மானிக்கிறேன். உங்கள் மடத்துத் தலைவர், அந்த வெள்ளைக்காரப் பெரியசாமிதான் பேசினார், மிதுஷா ஸ்பீக்கரில் போட்டு எனக்குத் தமிழில் சொன்னாள். உன்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனதையும், இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, நிறை குறைக்காவிட்டால் குளிசை தொடங்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதையும் அவர் வாயால்தான் நான் கேட்க வேண்டியிருந்தது. முப்பத்திநாலு வயதில் உனக்குச் சீனி வருத்தம். அப்பாவின் அப்பாவுக்கு முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள், அது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் அந்தக் கற்பாதையில் வெறுங்காலோடு நடந்து திரிகிறாயாம்.

பிறகு நான் அந்த மனிசனிடம் நேரே கேட்டேன், பாத்திரத்தில் விழுந்த எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று உங்கள் சட்டத்தில் இருக்கிறதா என்று. இல்லையாம். போதும் என்றால் நிறுத்தலாமாம், மிச்சம் வைக்கலாமாம். மற்றவர்கள் கொண்டு வருவதில் நீயும் கொஞ்சம் எடுத்துவிட்டு மிச்சம் வைப்பாயாம். ஞாயிற்றுக்கிழமை அன்ரனெற்றின் சட்டி வரும்போது மட்டும் பாத்திரத்தைத் துடைத்துச் சாப்பிடுவாயாம். ஏன் என்று ஒருநாள் அவர் கேட்டதற்கு, அம்மா அனுப்புகிறதில் மிச்சம் விட எனக்குத் தெரியாது என்று சொன்னாயாம். மிதுஷா அதை வாய்க்குள்ளேயே சொன்னாள். என்னடி, ஒழுங்காச் சொல்லு என்று அவளில் பாய்ந்தேன். எனக்கு முதல்தரமே விளங்கிவிட்டது, இன்னொருக்கால் கேட்க வேண்டும்போல் இருந்தது.

கோபம் அதிலும் இல்லை, அடுத்தது சொன்னார் பார், அதிலேதான். சாமியார்கள் இன்னது தா என்று வாய் திறந்து யாரிடமும் சாப்பாடு கேட்கக்கூடாதாம். வருத்தம் வந்தால் கேட்கலாமாம், என்னிடம் கேளுங்கோ என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தவர்களிடம் கேட்கலாமாம், அதோடு சொந்த இரத்த உறவிடம் எப்போதும் கேட்கலாமாம். தாயிடம் கேட்கலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். தாயிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது, அம்மா என்று அவர் சிரித்தார். டிலக்சன், இது உனக்கு முதல்நாளே படிப்பித்திருப்பார்கள்தானே? ஆறு வருடமும் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாய். வேண்டும் என்றும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, காணும் அம்மா, உந்த வட்டிலப்பத்தை நிப்பாட்டுங்கோ என்று ஒரு வரி எழுதவில்லை. மிசிசாகாவில் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்றபோதும் இப்படித்தான், எல்லாம் முடித்துவிட்டுத்தான் சொன்னாய். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றமுதலே, அம்மா சாப்பிட என்ன இருக்கு என்று மேல்மாடிக்குக் கேட்கக் கத்துகிற பிள்ளை நீ. அன்ரனெற் எங்கள் கதவு திறக்கிற சத்தத்தில் இல்லை, உன் சத்தத்தில்தான் நேரம் பார்ப்பாள். அந்த வாய்க்கு என்ன நடந்தது?

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னால் ஆறுதல் சொல்வார் என்று நினைத்தது என் விசர். அந்தாள் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமல், உவன் உன்ர சாப்பாட்டில இருந்து தப்பத்தான் சாமியாராப் போனவன், நீ அங்கையும் கலைச்சுக்கொண்டு போய் வாயில தீத்திறாய் என்றார். அவருக்கு என்ன வாய், காலையில் நடக்கப் போகிறேன் என்று வெளிக்கிட்டு மட்டன் றோல் வாங்கித் தின்றுவிட்டு வருகிறார், சட்டையில் தூளை நான் காணவில்லை என்ற நினைப்பு. மிதுஷாவும் எயாப்போட்டில் இரவு வேலை முடித்துக் கார் ஜன்னலால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு வருகிறாள். நீங்கள் மூன்று பேர், ஒருவர்கூட எனக்குச் சொல்லிச் சாப்பிடுவதில்லை.

அன்ரனெற்றுக்கு அடுத்தநாளே போன் எடுத்து, இனி நெய்ச்சோறும் இறைச்சியும் வேண்டாம், சீனிக்கு நல்ல குரக்கன் புட்டும் முருங்கையிலைச் சுண்டலும் பாகற்காயும் மீன் சொதியும் போதும் என்றேன். அவள் முகம் கோணிவிட்டது, குரலில் தெரிந்தது. நீங்கள் சொன்னபடிதானே அக்கா சமைச்சனான், இப்ப பிள்ளையை நான் கெடுத்த மாதிரிக் கதைக்கிறீங்கள் என்றாள். அவளைச் சமாதானப்படுத்தவே அரைமணித்தியாலம் போனது. போனை வைத்த பிறகுதான் யோசித்தேன், குரக்கன் புட்டையும் நானே முடிவு பண்ணிவிட்டேன். நான் அனுப்பினால் நீ பாகற்காயையும் பாத்திரம் துடைத்துச் சாப்பிடுவாய். அது எனக்கு வேண்டாம். அன்ரனெற்றிடம், டிலக்சனிடமிருந்து கடிதம் வரும்வரை மலைக்கு ஒரு சட்டியும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். வருகிற ஞாயிறு நீ பார்க்கும்போது அவள் வெறுங்கையோடுதான் நிற்பாள், அம்மா மறந்துவிட்டா என்று நினைக்காதே.

காலுக்குச் செருப்புப் போடு, உங்கள் சட்டம் விடாது என்றால் பெரியசாமியை என்னோடு பேசச் சொல். இரவில் விரலிடுக்கைப் பார், சின்னக் கீறல் என்றாலும் மறைக்காதே. சொக்லேற் மருந்து உனக்கு இனி இல்லை. டொக்டர் அடுத்தமுறை சொல்வதை எனக்கு நீயே எழுது, வெள்ளைக்காரர் மூலம் அறிய வைக்காதே. சாமியாரைத் தாய் கும்பிட வேண்டும், ஆசீர்வதிக்கக்கூடாது என்கிறார்கள், நான் ஆசீர்வதிக்கிறேன், கால் கையோடு நீண்டகாலம் இரு மகன்.

பதில் நீளமாக வேண்டாம். என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுது, வேண்டாம் என்றால் அம்மா இதை நிப்பாட்டுங்கோ என்று எழுது, அதுவும் கேட்டதுதான், எனக்குக் காணும். முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தால் இந்தக் கடிதத்தை அதற்கு வைத்துக்கொள்.

இப்படிக்கு,
எப்போதும் நீ கேட்கக்கூடியவள் என்று உங்கள் சட்டமே சொல்கிற,
உன் அம்மா
புஸ்பராணி