பேச்சிக்குச் சொன்ன பதில்

ஜூன் 11, புதன்

பனவடலிசத்திரம் பக்கத்து ஊரில் இன்று ஒன்பது பெண்கள் வந்தார்கள். வேதம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருத்தருமில்லை. டவுன் சபையில் ஞாயிறு வகுப்பென்றால் அதிகாரத்தைச் சொன்னதுமே வசனத்தை ஒப்பித்துவிடுவார்கள். இங்கே கதைதான். நூறு ஆட்டில் தொலைந்த ஒன்றை மேய்ப்பன் தேடிப்போனதைச் சொன்னேன். ஆடு மேய்க்கிற பேச்சி குறுக்கே கேட்டாள்: "மிச்ச ஆட்டை ஆரு பாத்துக்கிட்டா டீச்சர்? நரி வராதா?" இருபது வருஷப் பாடத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை!

போகும்போது இன்னொன்றும் கேட்டாள். ஆடியில் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மாமியார் கோமதித்தாய் படையல் சோறு வைப்பார். தின்னலாமா, கூடாதா?

"சாப்பிடு. ஆசையா தாரதை வேண்டாம்னு சொல்லி வீட்டுல சண்டையை இழுக்காத. நீ யாரைக் கும்பிடுதன்னு ஆண்டவருக்குத் தெரியும்."

பொன்மணி பக்கத்தில் இருந்தாள். பதினாலு வருஷமாக என்னோடு ஊழியத்துக்கு வருகிறவள். என் பாடத்தை வழக்கம்போல் மொபைலில் பதிந்துகொண்டிருந்தாள், வீட்டில் போட்டுக் கேட்பாளாம்.

ஜூன் 15, ஞாயிறு

அதே கேள்வி இன்று டவுனிலும் வந்தது. சபைச் செயலாளர் தங்கசாமி அண்ணாச்சி கேட்டார், பக்கத்து வீட்டுப் படையல் பொங்கலை வாங்கலாமா என்று. வேண்டாம் என்றேன். நமக்கு விவரம் தெரியும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் பார்த்தால் குழம்பிப் போவார்கள். அவர்களுக்காக நாம் விட்டுக்கொடுக்கலாம்.

திரும்பும்போது பொன்மணி, "ரெண்டு இடத்துல ரெண்டு பதிலாக்கா?" என்றாள்.

"கைப்பிள்ளைக்கும் நமக்கும் ஒரே சாப்பாடா ஊட்டுதோம்?" என்றேன். சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

இதை எழுதியே ஆகணும்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி அறைக்குக் கூப்பிட்டார்கள். தங்கசாமி அண்ணாச்சி மேஜைமேல் மொபைலை வைத்து அழுத்தினார். என் குரல். "சாப்பிடு." அதற்கு முன்னால் பேச்சி கேட்டதும் இல்லை, பின்னால் நான் சொன்னதும் இல்லை. அந்த ஒரு சொல்தான். திரும்பத் திரும்ப மூன்று தடவை போட்டார்.

"விக்கிரகத்துக்குப் படைச்சதைத் திங்கச் சொல்லியிருக்கிய டீச்சர். எங்களுக்கு ஒண்ணு, அங்கன ஒண்ணா?"

அந்த வகுப்பில் பதிந்தது ஒரே ஆள், பொன்மணி. அவள் சுவரோரம் உட்கார்ந்து வேதாகமத்தின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

புதன் வகுப்பு இனி பொன்மணிக்காம். நான் அந்தப் பெண்களிடம் பேசவே கூடாதாம்.

அடி பாவி! என் பக்கத்தில் உட்கார்ந்துதானே பாட்டுப் பாடினாய்?

ஜூலை 9, புதன்

வகுப்புக்குப் போகிற பத்து மணி பஸ் போயிருக்கும். நான் துணி துவைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

பொன்மணி வீட்டுக்கு வந்தாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. வாசலில் நின்றே சொன்னாள்.

"அந்தச் சோத்தைத் திங்க மாட்டேன்னதுக்கு எங்கம்மை மண்டையை எங்க தாத்தா உடைச்சாரு அக்கா. தழும்போடதான் செத்தா. நீங்க லேசா சாப்பிடுன்னுட்டிய."

எனக்கு இது தெரியாது. பதினாலு வருஷத்தில் அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. யாருக்கு எவ்வளவு தெரியும் என்று ஊரெல்லாம் அளந்து பாடம் சொன்னவள், பக்கத்தில் இருந்தவளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இருந்தாலும்... என்னிடம் சொல்லி அழுதிருக்கக் கூடாதா? சண்டை போட்டிருக்கக் கூடாதா? வெட்டி எடுத்த ஒரு சொல்லையா கொண்டுபோய்க் கொடுக்கணும்? அதை மன்னிக்க முடியவில்லை. ஜெபத்திலும் முடியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பேச்சி போன் பண்ணினாள்.

"நாளைக்குக் கொடை டீச்சர். நீங்க தின்னுன்னிய. பொன்மணியக்கா அது பேய்ச் சோறு, தொடாதங்காவ. நான் ஆரு சொல்லுதைக் கேக்க?"

"இனிமே அவதான் உனக்கு டீச்சர். அவ சொல்லுதைக் கேளு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கமிட்டிக்குக் கீழ்ப்படிந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மை என்ன? வயிற்றெரிச்சல். வேறென்ன.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பேச்சிக்கு இன்று ஞானஸ்நானம். கடைசி பெஞ்சில் இருந்து பார்த்தேன். நீலப் புடவை. தண்ணீர் நெற்றியில் விழுந்ததும் சின்னப் பிள்ளைபோல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மாமியார் கோமதித்தாயும் வந்திருந்தார். ஆராதனை முடியும்வரை சபை வாசலிலேயே நின்றார்.

பிறகு எல்லாருக்கும் பிரியாணி. பேச்சி ஒரு தட்டைக் கொண்டுபோய் மாமியாரிடம் நீட்டினாள். அவர் வாங்கவே இல்லை.

"கொடையன்னைக்கு விடியுமுன்ன எந்திரிச்சுப் பொங்கி, உனக்குன்னு முதல்ல எடுத்து வச்சேன். பேய்ச் சோறுன்னுட்ட. உங்க சாமி சோறு எனக்கும் வேண்டாம்."

கூச்சல் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டது.

பொன்மணி என்னிடம் ஓடிவந்தாள். "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாவ."

நான் அவளை விட்டுத் திரும்பினேன். பேச்சி தட்டோடு என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் அக்கா சொல்லுதைக் கேளுன்னுதான சொன்னிய டீச்சர்?"

என் தட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு கோமதித்தாயிடம் போனேன். "தப்பு என் மேலதாம்மா. ஏசணும்னா என்னை ஏசுங்க" என்றேன். அவர் ஏசவில்லை.

"எங்க ஊரு பஸ்ஸு எப்போ?"

"மூணரைக்கு."

பஸ் ஸ்டாண்டுவரை நானும் கூடவே நடந்தேன். இருவரும் சாப்பிடவில்லை.