உப்பளத்துப் புலியும் கலியாண மேளமும்

ஏழு மதகுகளுக்கும் உரியவரும், வெள்ளத்திலும் கரை உடையாத வெண்கோட நாட்டை ஆள்பவருமான அரசி செங்காந்தியாரின் ஆணையால், அமைச்சன் மாறன்பூதி எழுதும் ஓலை. முள்ளிக்கோட்டையிலிருந்து ஆட்டக்களம் வகுக்கும் பூதங்குமரனார் காண்க. உமது கோட்டைக் கிணறு வற்றாதிருக்கட்டும். உம் வீட்டார் நலமாயிருக்கட்டும்.

மனமுவந்து எழுதக்கூடியது இவ்வளவே.

மேட்டுநிலத் தலைவர் எயினங்கோவும் உப்பளத் தலைவர் பரதங்கொற்றரும் வாளெடுக்காதிருப்பது ஆண்டுதோறும் நடக்கும் வேட ஆட்டத்தால்தான் என்பதை நீர் அறிவீர். ஒவ்வொருவரும் மற்றவர் நாட்டு வழிப்போக்கராகத் தம்மைப் பாவித்து, நீர் வகுத்த ஊர்களிலும் இடர்களிலும் தாம் என்ன செய்வோம் என்று சொல்லிச் சொல்லி, இறுதிவரை ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால், அவ்வாண்டு எல்லையில் அமைதி. நீர் உப்பளத்தில் பிறந்தவர். ஒருபக்கம் சாய்ந்தீர் என்று எவரும் சொல்லாதபடி, வழியில் எதிர்ப்படுவதையெல்லாம் பகடை உருட்டியே தெரிந்துகொள்ளுமாறு அரசியார் பணித்தார்.

உருட்டினீர். விழுந்ததை விழுந்தபடியே எழுதி அனுப்பிவிட்டீர். சாலையே இல்லாத குன்றின் உச்சியில் சுங்கச்சாவடி. உப்பளத்தின் நடுவே புலி. அதன் அருகில் கலியாண மேளக்காரர் சிலர். ஏன் என்று ஒரு வரி இல்லை. இரு தலைவரும் அமர்ந்திருந்த சபையில் அதை வாசித்துக்கொண்டிருந்த நான் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

எயினங்கோ சிரித்தார். உங்கள் ஊரில் புலிக்குக்கூடப் பெண் கொடுக்கிறீர்களா கொற்றரே, சீர் என்ன, உப்பு மூட்டையா என்று கேட்டார். உங்கள் குன்றில் ஆடும் வரி கட்டித்தான் ஏறுமோ என்று பரதங்கொற்றர் திருப்பினார். அதற்கடுத்த பேச்சில் சிரிப்பு இல்லை. தம் மண்ணைக் கேலி செய்யவே இது எழுதப்பட்டது என்று இருவரும் எழுந்துவிட்டனர். பகடை என்று நான் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை.

அவர்கள் போனபின் ஓலையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திரும்பப் படித்தேன். அதன் பிறகே கோபம் வந்தது. பகடை மேல் அல்ல. மேளக்காரர் வழி தவறியிருக்கலாம். புலி தண்ணீர் தேடி இறங்கியிருக்கலாம். வாசிப்பை நிறுத்தினால் பாயும் என்று அஞ்சி, அவர்கள் விரல் வீங்க வாசித்துக்கொண்டே நிற்கலாம். கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் உமக்கே தோன்றியிருக்கும். நாம் நினைத்திராததை நம் முன் வைப்பதோடு பகடையின் வேலை முடிந்தது. அது அங்கே எப்படி வந்தது என்று யோசிப்பது உமது வேலை. யோசித்தால் சாய்வு என்று பழி வருமென அஞ்சிக் கைகழுவிவிட்டீர். இப்போது ஆற்றின் இருகரையிலும் படை திரள்கிறது.

குதிரையேறுமுன் எயினங்கோ திரும்பி, ஆமாம், மாப்பிள்ளை யார் என்று என்னைக் கேட்டார். களம் வகுத்தவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பரதங்கொற்றரும் தம் குதிரையை நிறுத்திக் காத்து நின்றதைக் கண்டேன். பதில் வரும்வரை ஆற்றைக் கடப்பதில்லை என்று இருவரும் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

ஆகவே ஆணை: விழுந்த எதையும் மாற்றாதீர், மறுபடி உருட்டாதீர். மாப்பிள்ளை யார் என்பதை எழுதி, இவ்வோலை வந்த குதிரையிலேயே அனுப்பும்.

அரசியாரின் மதகு முத்திரை இட்டது. குதிரை இளைப்பாறும்வரை உமக்கு நேரமுண்டு. அதுவரை எவரோடும் பேசாமல் உட்காரும்.