மேனேஜர் பேரில் எழுதிய பரீட்சை

3.9.97, புதன்

மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சர்க்குலர். நானேதான் பிரித்துத் தபால் பதிவேட்டில் ஏற்றினேன், என் தலையில் விழப்போகிற சேதி என்று தெரியாமல். ஜனவரியிலிருந்து எந்தக் கிளையிலும் டைப்பிஸ்ட் வேலை கிடையாது. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஒருவர் மட்டும் இருப்பார். சி.டி.யில் பன்னிரண்டு பாடம் வரும். அதைப் படித்து, கம்ப்யூட்டரே வைக்கிற பரீட்சையில் அக்டோபர் பதினைந்துக்குள் தேறும் டைப்பிஸ்டுக்கு அந்த வேலை. தேறாவிட்டால் வீட்டுக்கு. மேனேஜர்களும் படித்தாக வேண்டுமாம்.

பம்பு செட் விற்கிற கம்பெனிக்கு இதெல்லாம் எதற்கு என்று ஸ்டோர் கீப்பர் காஜா முகைதீன் பாயிடம் கேட்டேன். “ஆத்துத் தண்ணி பாயுத ஊர்ல நாம பம்பு விக்கலையா? அது மாதிரி எவனோ நமக்கு இத வித்துட்டான்” என்றார்.

பதினோரு வருஷமாக டைப் அடிக்கிறேன். முப்பத்து நாலு வயதில் திரும்ப எல்.கே.ஜி.

8.9.97

கம்ப்யூட்டர் மேனேஜர் அறைக்குள் இருக்கிறது. ஏ.சி. அங்கே மட்டும்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கும் மேனேஜர் சிவசண்முகம் சாருக்கும் ஆளுக்கொரு ஒட்டிய கவர் வந்திருந்தது. அவரவருடைய யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் உள்ளே. சார் தன் கவரைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினார்.

“வடிவு, எனக்கு அம்பாசமுத்திரம், சேரன்மாதேவின்னு கடை கடையா லைன் போகவே நேரம் பத்தலை. என் பேர்ல நீயே முதல்ல முடிச்சிரு. பிறகு ஒன்னோடதப் பாத்துக்கிடலாம்.”

சரி சார் என்றேன். எங்கள் ஆபீசில் லீவில் போகிறவர் பீரோச் சாவியைப் பக்கத்து மேஜையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். அது மாதிரிதானே இதுவும்.

11.9.97

மறந்துபோகாமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன்.

யூசர் ஐடி — நான் இன்னார் என்று மெஷினிடம் சொல்வது. பாஸ்வேர்ட் — சொன்னது நிஜம்தான் என்று காட்டுவது. லாகின் — இரண்டையும் கொடுத்து உள்ளே போவது. மாட்யூல் — பாடம். பாடம் என்றே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

17.9.97

பேக்கப் — ஒரு ஃபைலுக்கு இன்னொரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைப்பது. மகள் பிரியதர்ஷினியின் சாதிச் சான்றிதழை எட்டு ஜெராக்ஸ் எடுத்து, எட்டையும் அசலோடு சேர்த்து ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறோம். இவர்கள் கணக்கில் அது பேக்கப்பில் சேராது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

24.9.97

மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. பாடமும் இல்லை.

30.9.97

சார் பேரில் பன்னிரண்டும் முடித்து, பரீட்சையும் எழுதிவிட்டேன். ஐம்பதுக்கு நாற்பத்தேழு. எந்த மூன்று தப்பு என்று மெஷின் காட்டவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் படித்தேன் என்பதை அதுவே குறித்து வைத்திருக்கிறது: இருபத்திரண்டு மணி நேரம்.

கடைசியில் பேர் போட்டு ஒரு வாழ்த்து வந்தது, சிவசண்முகம் அவர்களுக்கு. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

10.10.97

என் பேரிலும் முடித்தாயிற்று. தெரிந்த பாடம் என்பதால் சர்ரென்று போனது, எல்லாமாக ஐந்து மணி நேரம். எனக்கும் நாற்பத்தேழு. இரண்டு பேர் பதிவையும் ஃபிளாப்பியில் எடுத்துக் கூரியரில் அனுப்பினேன். இன்றைக்கு நிம்மதி. வருகிற வழியில் கனகாம்பரம் இரண்டு முழம் வாங்கினேன்.

21.10.97

என் தேர்வு ரத்து.

பயிற்சி அதிகாரி ஸ்ரீராகவ் என்பவர் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறது. மேனேஜர் இருபத்திரண்டு மணி நேரம் உழைத்து நாற்பத்தேழு வாங்கியிருக்கிறாராம். டைப்பிஸ்ட் ஐந்தே மணி நேரத்தில் அதே நாற்பத்தேழு. தப்பான மூன்று கேள்வியும் அதே மூன்று, போட்ட தப்பு விடையும் அதே விடை. ஆகவே டைப்பிஸ்ட் மேனேஜரின் விடைகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். பதில் ஏதும் இருந்தால் இம்மாத இறுதிக்குள், கிளை மேனேஜர் மூலமாக.

நானா பாத்து எழுதினேன்? என்னையப் பாத்து நானே எழுதிருக்கேன்னு சொல்லுதான். இத எங்க போய்ச் சொல்ல? யாருட்ட சொல்ல?

கடிதத்தில் குறித்திருக்கிற அந்தத் தப்பான மூன்றில் ஒன்று: பக்கத்து இருக்கைக்காரர் லீவில் இருக்கிறார், அவசரமாக அவர் ஃபைல் வேண்டும், பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கலாமா? வாங்கலாம் என்று இரண்டு தடவையும் போட்டிருக்கிறேன். கூடாதாம். யார் செய்தாலும் அந்தப் பேருக்குரியவர் செய்ததாகத்தான் பதிவாகுமாம். இப்போது நன்றாகவே விளங்குகிறது.

சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “பாப்போம்” என்றார். அவ்வளவுதான்.

22.10.97

பாபநாசம் வண்டியில் கண்டக்டர் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரருக்கு எல்லாமே சுலபம். “ஏட்டி, உள்ளத நீயே மெட்ராசுக்கு எழுதிப் போடேன். ஊமையா நீ?” என்றார்கள்.

எழுதலாம். பிரியதர்ஷினி மஞ்சள் காமாலையில் கிடந்தபோது ஒன்றரை மாதம் நான் வேலைக்குப் போகவில்லை. தலைமை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதாமல் என் நாற்காலியை அப்படியே வைத்திருந்தவர் சிவசண்முகம் சார். அவரைக் காட்டிக்கொடுத்துக் கடிதம் எழுத எனக்குக் கை வரவில்லை. அதே ஆள் இப்போது வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்பதுதான் கூடுதல் கோபம். எனக்கு அது வேலை. அவருக்கு வெறும் மார்க்கு.

23.10.97

சார் லைனுக்குப் போய்விட்டார். சாயங்காலம் வரை வரவில்லை.

24.10.97

“அவரு சொல்லலேன்னா நான் சொல்லுதேம்மா. எனக்கென்ன பயம், ஸ்டோருக்கு இன்னும் கம்ப்யூட்டர் வரல” என்றார் காஜா பாய். வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை வரை பொறுப்பேன். அதற்கு மேல் நானே எழுதுவேன், காமாலையாவது ஒன்றாவது.

27.10.97, திங்கள்

காலையில் பஸ்ஸில் என் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன். போய் உட்கார்ந்ததும் சார் கூப்பிட்டார். “நோட்ட எடுத்துட்டு வாம்மா.”

சுருக்கெழுத்து நோட்டோடு போனேன். பதினோரு வருஷத்தில் எத்தனையோ கடிதம் சொல்லியிருக்கிறார், பாதி வாக்கியத்தில் நின்றவரில்லை. இன்றைக்கு ஒவ்வொரு வரிக்கும் நின்றார்.

“என் பெயரில் உள்ள மதிப்பெண் என்னுடையது அல்ல. என் பாஸ்வேர்டைக் கொண்டு எங்கள் டைப்பிஸ்ட் சுடலைவடிவு படித்து எழுதியது. அப்படிச் செய்யச் சொன்னவன் நான். அவர் மறுத்துச் சொல்லக்கூடிய இடத்தில் இல்லை. நான் அந்த மெஷினைத் தொட்டதே இல்லை.”

எழுதிக்கொண்டு வந்து டைப் அடித்தேன். கடைசி வரி வந்தபோது விரல் நின்றது. ‘தொட்டதே இல்லை’ என்பதை ‘போதிய நேரம் ஒதுக்க இயலவில்லை’ என்று மாற்றி அடித்துக் கொண்டுபோய் வைத்தேன். ஏன் செய்தேன்? நேற்றுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள்தானே நான்?

படித்தார். “நான் சொன்னது இதுவா?”

“இல்ல சார்.”

“அப்ப சொன்னத அடி.”

அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமலே, “நேரம் இல்லன்னு ஒன்கிட்ட சும்மா சொன்னேன். அதைப் பாத்தாலே எனக்குப் பயம் வடிவு. தப்பா அமுக்கி, நீங்கள்லாம் சிரிச்சுட்டா?” என்றார்.

யாரும் சிரிச்சிருக்க மாட்டோம் சார் என்றேன். அது பொய். காஜா பாய் நிச்சயம் சிரித்திருப்பார்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுத மாட்டேன். பாதி போயிற்று.

10.11.97

பதில் வந்தது. இரண்டு பேர் பதிவும் ரீசெட். ரீசெட் — இதுவரை நடந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க விடுவது. ஸ்ரீராகவ் நேரில் வந்து எனக்குத் திரும்பப் பரீட்சை வைப்பார். சாருக்கு மார்ச் வரை அவகாசம். சார் பேருக்குத் தனியாக ஒரு கவரும் இருந்தது. மேனேஜர் தபாலையும் நான்தான் பிரிப்பது வழக்கம். இதைப் பிரிக்காமல் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

19.11.97

ஸ்ரீராகவ் என்றால் நரைத்த மீசையோடு ஒருவர் வருவார் என்று நினைத்திருந்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். கை வியர்த்து மௌஸ் வழுக்கியது. நாற்பத்தொன்பது.

“பாஸ்வேர்ட் கேள்விக்கு இந்தத் தடவை என்ன போட்டீங்க?” என்று கேட்டார்.

“கூடாதுன்னுதான் போட்டேன். எனக்குத் தெரியாமயா சார்.”

சொல்லிவிட்டு வெளியே வந்து தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். துக்கம் ஒன்றும் இல்லை.

22.12.97

ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டர் ஆபரேட்டர், பாளையங்கோட்டைக் கிளை. பேரைச் சரியாக அடித்திருக்கிறார்கள்.

2.1.98, வெள்ளி

ஆபரேட்டர் என்ற முறையில் முதல் வேலை, கிளையில் எல்லோருக்கும் புதிய யூசர் ஐடி போட்டுக் கொடுப்பது. காஜா பாய்க்கு முதலில் போட்டேன். அடுத்து சார் வந்தார். அவர் அறைதான், இருந்தும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். எழுந்து இடம் கொடுத்தேன்.

“என்ன பாஸ்வேர்ட் வைக்கட்டும்? நீயே ஒண்ணு போட்டுரேன்” என்றார்.

“நீங்கதான் சார் அடிக்கணும். நான் அங்கிட்டுத் திரும்பிக்கிடுதேன்.”

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிற சத்தம் கேட்டது. நடுவில் ஒரு தடவை நின்றது. தப்பாகிவிட்டது போல. உதவட்டுமா என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். “முடிஞ்சுட்டும்மா” என்று அவர் சொன்ன பிறகுதான் திரும்பினேன்.