இடது பின்களத்தில் நின்றவனுக்கு

மச்சான்,

போன கிழமை சந்தைக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு போனைத் தட்டியபோது அந்தச் செய்தி வந்தது. உன்னுடைய இங்கிலாந்துக்காரன் உதைபந்தாட்டத்தை விட்டுவிட்டான். அத்தனை வருடம் இடது பின்களத்தில் ஓடியவனுக்கு ஒரு நிமிட வீடியோ போட்டிருந்தார்கள். அதில் முதலில் வந்தது அவன் தன் கோலுக்குள்ளேயே அடித்த பந்து. பின்னணியில் சிரிப்புச் சத்தம் வேறு சேர்த்திருந்தார்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. எனக்குச் சரியான கோபம். அவன் எனக்கு ஒன்றும் இல்லை, உனக்குத்தான் ஆள். நீ போய் ஒரு வருடமாகிறது என்று தெரிந்தும் இதை எழுதுவது, உனக்குச் சொல்லாமல் வைத்திருக்கக்கூடிய செய்தி இதுவல்ல என்பதால்தான்.

அவன் உனக்கு வாய்த்த விதத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. லண்டனில் இருக்கும் உன் தம்பி, சித்தப்பாவின் மகன், எங்கள் ஊர்க் கழகத்துக்கு ஒரு பெட்டி நிறைய ஜேர்சி அனுப்பியிருந்தான். கடையில் மலிவாகப் போட்டதை அள்ளி அனுப்பியிருக்க வேண்டும். கோல் அடிக்கிறவர்களின் பெயர் போட்டதையெல்லாம் எங்கள் முன்களக்காரர் பெட்டி திறந்த உடனேயே பறித்துக்கொண்டார்கள். நீ கடலால் வந்து, வலையைக் காயப்போட்டு, மைதானத்துக்கு வந்து சேர ஒன்றே ஒன்றுதான் மிஞ்சிக் கிடந்தது.

"ஆரடா உவன்?" என்று முதுகில் இருந்த பெயரைக் காட்டிக் கேட்டாய். ஒருவருக்கும் தெரியவில்லை. லண்டனுக்குப் போன் எடுத்தோம். இடது பின்களத்தில் விளையாடுகிறவன் என்றான் உன் தம்பி.

"அப்ப என்ரை ஆள்தான்" என்று அங்கேயே போட்டுக்கொண்டாய்.

அன்றிலிருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் நான் பார்த்தது அந்தப் பெயரைத்தான். நான் கோல் காப்பாளன், நீ எனக்கு முன்னால் நிற்பவன். உன் முகத்தைவிட உன் முதுகுதான் எனக்குப் பழக்கம். உன் தோள் திரும்புவதை வைத்தே பந்து எந்தப் பக்கம் வரும் என்று சொல்லிவிடுவேன். காலுக்குப் பூசிய நோவெண்ணெயும் மீனும் கலந்து மணப்பாய். எதிரணிக்காரர் உன்னை நெருங்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லி உன்னிடம் அடி வாங்கியும் இருக்கிறேன்.

சனிக்கிழமை பொழுதுபட வாசிகசாலை ரி.வி.யில் இங்கிலாந்து ஆட்டம் போகும். மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள், நீ அவனை மட்டும் பார்ப்பாய். கமரா பந்தோடு போய்விட்டால் ரி.வி.யோடு சண்டை பிடிப்பாய். "அவன் எவ்வளவு ஓடுறான் தெரியுமே? ஒருத்தரும் காட்டுறாங்களில்லை" என்பாய்.

அவனுடைய அந்தச் சொந்தக் கோலையும் நாங்கள் அங்கே இருந்துதான் பார்த்தோம். அந்த ஆட்டத்தோடு அவனுடைய கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. வாசிகசாலை முழுக்கச் சிரித்தது. நீ எழும்பி ரி.வி.யை மறைத்துக்கொண்டு நின்று வழக்குப் பேசினாய். "அவன் அங்கை நிண்டபடியால்தானே அவன்ரை காலிலை பட்டது. மற்ற ஆக்கள் எல்லாம் எங்கை நிண்டவை?"

அடுத்த வருடம் அது உனக்கே நடந்தது. எங்கள் மைதானம், அயலூர்க்காரரோடு இறுதி ஆட்டம். கடைசி நேரத்தில் எங்களுக்கு மூலை உதை கிடைக்க, கிண்ணம் கைக்குள் வந்துவிட்டதென்று எல்லோரும் முன்னுக்குப் போய்விட்டார்கள். பந்து அவர்கள் காலில் மாட்டியது. திரும்பி ஓடி வந்தவன் நீ ஒருவன்தான். குறுக்கே வந்த பந்தை மறிக்கச் சறுக்கினாய், அது உன் காலில் பட்டு என்னைத் தாண்டிப் போனது. அறிவிப்பாளர் உன் பெயரைத் திருப்பித் திருப்பி மைக்கில் கூவினார். உன் பெயரை அவர் அதற்கு முன் அவ்வளவு சொன்னதே இல்லை.

அதோடு ஊர் உன்னைச் 'சொந்தக் கோல்' ஆக்கிவிட்டது. மீன் வாங்க வந்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். உன் மனைவி அதைச் சந்தையில் கேட்டுவிட்டு வந்து அழுதாள். மாரிமழைக் காலம் முழுக்க நீ மைதானப் பக்கம் வரவில்லை. நான் வீட்டுக்கு வந்து, அன்று நீ அவனுக்காகக் கதைத்ததை உனக்கே சொன்னேன்.

"அது அவனுக்குச் சொன்னது" என்றுவிட்டு கிழிந்த வலையைப் பொத்தத் தொடங்கினாய்.

பிறகு லண்டனிலிருந்து உன் தம்பி போன் எடுத்தான். உன் ஆள் இப்போது ஏதோ ஒரு சின்னக் கழகத்தில், கொஞ்சச் சனத்துக்கு முன்னால், மழைக்குள் விளையாடுகிறான் என்றான். அடுத்த நாள் பின்னேரம் அந்த ஜேர்சியோடு வந்து எனக்கு முன்னால் நின்றாய். "அவன் விளையாடேக்கை நான் வீட்டிலை இருந்தால் சரியில்லை மச்சான்" என்றாய். அவ்வளவுதான் உன் விளக்கம். முழங்கால் மடங்காமல் போகும்வரை விளையாடினாய்.

போன மாரியில் நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து கொஞ்ச நாளில் கழகம் உன் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் வைக்கத் தீர்மானித்தது. அதிலும் ஒரு கூத்து. அதிக கோல் அடிப்பவருக்கு உன் நினைவாக விசேட பரிசாம். "அந்த மனிசன் தன்ரை வாழ்நாளிலை அடிச்சது ஒரே ஒரு கோல், அதுவும் எங்கடை கோலுக்குள்ளை" என்றேன். சிரித்தார்கள், பிறகு யோசித்தார்கள். பரிசு சிறந்த பின்கள வீரருக்கு என்று மாறியது.

உன் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தன்று மைக்கில் வாசிக்க உன்னைப் பற்றி நாலு வரி எழுதும்படி செயலாளர் கேட்டார். "அந்தக் கோலை மட்டும் விட்டிடுங்கோ அண்ணை" என்றார். ஓம் என்றேன். விட்டுத்தான் எழுதியிருந்தேன். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, அதைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன்.

நேற்று அதே அறிவிப்பாளர் வாசித்தார். "இதே மைதானத்தில் இறுதி ஆட்டத்தில் தன் கோலுக்குள் பந்தை அடித்தவர் இவர்." சனம் சிரித்தது. செயலாளர் என்னைத் திரும்பி முறைத்தார். "எல்லோரும் கிண்ணத்தை நினைத்து முன்னுக்குப் போய்விட்ட நேரம், திரும்பி ஓடி வந்தவரும் இவர் ஒருவர்தான்." சிரிப்பு நின்றது. அன்று முன்னுக்குப் போன எங்கள் ஆட்கள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள், ஒருவரும் நிமிரவில்லை. உன் மனைவி பரிசைக் கொடுக்க மேடைக்குப் போனாள். வாங்கியவன் அயலூரின் இடது பின்களக்காரன். அறிவிப்பாளருக்கு அவன் பெயர் தெரியவில்லை, கேட்டுத்தான் சொன்னார்.

போகும்போது உன் ஜேர்சியை அவள் என்னிடம் தந்தாள். வீட்டில் வைத்தால் பார்த்துப் பார்த்து அழுகிறாளாம். எனக்கு அது அளவில்லை. அறைச் சுவரில் முதுகுப்பக்கம் வெளியே தெரியக் கொழுவியிருக்கிறேன். முன்பக்கம் தெரியக் கொழுவச் சொல்கிறாள் என் மனைவி. அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை.