ஏரியூர் ரோட்டில் மட்டும் நிற்கும் வண்டி

18.7 வெள்ளி

ஆடிக் காற்று. வேன் மேல் கட்டியிருந்த பிளாஸ்டிக் குடங்களில் மூன்று பறந்து சோளக்காட்டில். பொறுக்கிக்கொண்டு வந்து கிளம்பினால், ஏரியூர் ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரத்தில் வண்டி ஆஃப். விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. நல்ல வெயில். லேட் ஆகும் என்று வீட்டுக்குப் போன் போட்டேன்.

"காத்து இந்த அடி அடிக்குது, இன்னிக்கி யாவாரம் ஒண்ணும் வேணாங்க. வூட்டுக்கு வந்துருங்க" என்றாள் வீட்டுக்காரி.

சரி என்று வைத்துவிட்டுச் சும்மா ஒரு தரம் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. சனியன்.

மகள் கவிதா சமைத்து வைத்துக் காத்திருந்திருப்பாள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஏரியூர் போய் இரண்டு வருஷம். வீட்டில் அவள் பேரையே எடுப்பதில்லை. குடம் விற்கிற சாக்கில் நான் மட்டும் போய்ப் பார்ப்பது. என் போனில் அவள் பேர் 'பக்கெட் கடை'. இப்போது நிறைமாதம். வண்டி இப்படி மக்கர் பண்ணினால் எப்படி?

21.7 திங்கள்

சாதிக் பாய் பட்டறை. பென்னாகரத்தில் வண்டி ஒயரிங்குக்கு அவரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பார்த்தது: பேட்டரி முனை, பியூஸ் எல்லாம், காயில், சாவி போடும் இடத்து ஒயர். காயில் புதுசு போட்டார்.

"பழசு நல்லா தாண்ணா இருந்துச்சு. ஒரு சந்தேகத்துக்குத்தான் மாத்தினேன்."

சந்தேகத்துக்கு என் தலையில் காயில். பழைய வண்டி வாங்கினால் இப்படித்தான். ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் முரளி வாங்கிக் கொடுத்தது. போன மாதம் வந்தபோது ஸ்டீரியோ வேறு மாட்டிவிட்டான். வண்டிக்கு உயிர் இல்லை, பாட்டு மட்டும் பாடும்.

புளி வாங்க வேண்டும். மறக்கக் கூடாது.

23.7 புதன்

நேற்று ஒகேனக்கல் வரை லோடு. ஒரு மக்கர் இல்லை. இன்று ஏரியூர் ரோடு, அதே இடம், ஆஃப். வெறுத்துப்போய் "திரும்பி வரேன்" என்று வீட்டுக்குச் சொன்னேன். உடனே ஸ்டார்ட் ஆனது. நேராகப் பட்டறைக்குப் போய்ப் பாயைக் கத்தித் தீர்த்தேன்.

"உங்க வண்டிக்கு ஏரியூர் ஆவலைங்கண்ணா. அதுக்கு என்னை ஏன் திட்டறீங்க?"

டீ குடித்துக்கொண்டிருந்தவன் எல்லாம் சிரித்தான். சிரிக்கட்டும்.

வீட்டில் முரளி கல்யாணப் பேச்சு. ஆவணியில் நிச்சயம். பெண் வீட்டார் கேட்டார்களாம், ஓடிப்போன பெண்ணோடு போக்குவரத்து உண்டா என்று. "ஒண்ணுமே இல்லீங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள் வீட்டுக்காரி, என் முகத்தைப் பார்த்து. நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புளி வாங்கவில்லை என்று தனியாக ஒரு பாட்டு.

26.7 சனி

தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

காலையில் 'பக்கெட் கடை' போன். "அப்பா, வலி வந்துருச்சு. 108 கூப்பிடட்டா?" "வேணாம் கண்ணு, நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்." என் வாய்க்கு நெருப்பு வைக்க. வீட்டில் சந்தைக்கு என்று சொல்லிக் கிளம்பினேன்.

அதே இடம். ஆஃப்.

இந்தத் தடவை வீட்டுக்குப் போன் போடவில்லை. பாயைக் கூப்பிட்டேன். காத்திருக்கும்போது, எதிரே தார்ப்பாய் போட்ட ஆட்டு ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தது. ஆடு ஏற்றுகிறவனுக்கு என்ன அவசரம் என்று திட்டினேன்.

பாய் பைக்கில் வந்தார், கடைசியாக மாட்டியது இதுதானே என்று ஸ்டீரியோவைப் பிடுங்கினார். பின்னால் தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி, சிவப்பு விளக்கு.

"வண்டி எங்க போவுதுன்னு போன்ல காட்டும்ணா. போன்லயே அமுக்கினா இஞ்சின் ஆஃப். திருட்டுக்குப் பயந்து வெக்கறது. மாட்டினது உங்களுக்குத் தெரியாதா?"

பெட்டியை வெட்டி எடுத்து, ஒயரை நேராக முறுக்கிக் கொடுத்தார். உடனே ஸ்டார்ட். ஏரியூருக்குப் போன் போட்டால் மாப்பிள்ளை எடுத்தான்.

"உங்களுக்காக எவ்வளவோ நேரம் பார்த்தோங்க. ஆட்டு ஆட்டோவுல ஏத்திட்டோம். வழியிலயே பொறந்துருச்சுங்க. பொட்டப்புள்ள. பென்னாகரம் ஆஸ்பத்திரியில இருக்கோம்."

நான் திட்டின அதே ஆட்டோ. ஆட்டுப் புழுக்கை மேல் என் பேத்தி.

மத்தியானம்தான் முரளி போனை எடுத்தான். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். ஆடு, ஆட்டோ, எல்லாம்.

"மாட்டினது நான்தாம்பா. ஆனா நான் காலையில இருந்து ஷிப்டுல. உள்ள போனே வுடமாட்டாங்க. அதை அமுக்கற ஆப் அம்மா போன்லதான் இருக்கு. அம்மாதான் மாட்டச் சொல்லிக் கேட்டுச்சு."

வைத்துவிட்டேன்.

27.7 ஞாயிறு

ஆஸ்பத்திரி. குழந்தை நல்லபடி. கவிதா சுவர்ப் பக்கமே பார்த்துப் படுத்திருந்தாள். "108 கூப்பிட்டிருப்பேன்பா" என்றாள். அவ்வளவுதான். யார் செய்தது என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, உன்னைப் பெற்றவள் என்று?

கவிதாவுக்கு வலி வந்தது வீட்டுக்காரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அமுக்கியிருப்பாளா? கேட்கப் பயம்.

வீடு. சோறு போட்டாள். முரளி சொல்லியிருப்பான், கண் வீங்கியிருந்தது. ரசத்தை ஊற்றிக்கொண்டே, தலை நிமிராமல், "என்ன கொழந்தைங்க?"

"போன்ல பாரு" என்றேன். "அதுல தான் உனக்கு எல்லாம் தெரியுமே."