அப்பா எழுதிய ஆங்கிலம்

ஆகஸ்ட் 4

இன்றும் செமினார். கல்லூரி வாசல் வரை நடந்து, பொத்தேரி ஸ்டேஷனுக்கே திரும்பிவிட்டேன். அறுபது பேர் முன்னால் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும். என்னால் முடியாது.

மதியம் மென்டர் கோபாலகிருஷ்ணன் சாரின் வாட்ஸ்அப்: உங்கள் மகன் வரவில்லை. அட்மிஷன் ஃபாரத்தில் அப்பாவின் எண்ணுக்கு என் இரண்டாவது சிம்மைக் கொடுத்திருந்தேன். அப்பாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. ஜுரம் என்று அவர் பேரில் பதில் போட்டேன்.

ஆகஸ்ட் 11

என் பேரில் வாயைத் திறக்க வராதவனுக்கு அப்பா பேரில் ஆங்கிலம் கொட்டுகிறது. ‘தங்கள் அக்கறைக்கு நன்றி’ என்றெல்லாம் எழுதுகிறேன். கீழே ‘தாவீது’ என்று அப்பா பெயரைப் போடுகிறேன். இந்தத் தாவீது யார்? மாமல்லபுரம் ரிசார்ட்டில் புல் வெட்டுகிற என் அப்பா இல்லை. கண்ணாடி போட்டு, சட்டையை இன் பண்ணிய யாரோ. அவருக்கு மகனாக இருப்பது சுகமாக இருக்கிறது — அதை எழுதவே வெட்கமாகவும் இருக்கிறது.

செப்டம்பர் 15

வருகை அறுபத்தெட்டு சதவீதம். அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சை.

“மச்சான், எங்க சித்தப்பாவ உன் அப்பான்னு கூட்டினு வரேன். டிப்டாப்பா இருப்பாரு” என்றான் என் வகுப்பு நிதின்.

சரி என்றேன். ச்சீ.

செப்டம்பர் 18

கல்லூரி தபாலிலும் கடிதம் போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு கவியா படித்துச் சொல்லிவிட்டாள். அப்பா திட்டவில்லை. “நாளிக்கு லீவு சொல்லிட்டேன். எத்தினி மணிக்கு ட்ரெயினு?” என்றார். மெசேஜ் விஷயத்தை இப்பவே சொல்லிடலாமா? இன்னான்னு சொல்றது?

சொல்லவில்லை.

செப்டம்பர் 19

சார் எழுந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார். “உங்க மெசேஜ் எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு சார். இவ்ளோ அக்கறையா வேற யாரும் எழுதுறதில்ல.”

அப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, “ஆமாங்க சார்” என்றார்.

அவருக்கு எழுதத் தெரிந்தது அவர் பெயர் மட்டும்தான். ‘தாவீது’ என்று தமிழில் மெதுவாகப் போட்டு முடித்தார். சார் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தாளை வாங்கிக் கோப்பில் வைத்தார்.

திரும்பும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் கேட்டார்: “அந்த மெசேஜுலாம் போன்ல கீதா?”

“கீதுப்பா.”

“படி. நான் இன்னா எழுதிக்கிறேன்னு கேக்கறேன்.”

ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் படித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஜுரம் என்ற இடத்தில் நிறுத்தினார்.

“அன்னிக்கு உனுக்கு ஜொரமா?”

“இல்லப்பா. பயம்.”



“எங்கிட்ட சொல்லியிருந்தா பயம்னே எழுதியிருப்பேன்” என்றார்.